ஒரே குத்து சிஸ்டரும் சலூன்காரரின் வலக்கையும்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூடத் தலையைச் சொறிவார். ‘ஒரே குத்து சிஸ்டர்’ என்று கேட்டால் போதும். லிஃப்ட்காரர் கீமோ வார்டு இருக்கும் மாடியைத் தானே அழுத்திவிடுவார்.

ஆள் குள்ளம். டிரிப்ஸ் பாட்டிலைக் கம்பியில் மாட்ட எட்டாது என்பதால் ஒரு சின்ன ஸ்டூலைக் காலாலேயே தள்ளிக்கொண்டு வார்டு முழுக்க உலா வருவாள். அந்த ஸ்டூல் தரையில் கிறீச்சிடும் சத்தம் கேட்டாலே சன்னலோரச் சாய்வு நாற்காலிகளில் படுத்திருப்பவர்கள் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொள்வார்கள். கீமோ ஏறி ஏறி அவர்களுடைய நரம்புகள் எல்லாம் கண்ணாமூச்சி ஆடப் பழகியவை. மற்ற வார்டுகளில் நாலு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு, ஐந்தாவதாக இவளைக் கூப்பிட ஆள் அனுப்புவார்கள். இவள் அவசரப்பட மாட்டாள். வெந்நீரில் நனைத்த துண்டைக் கையில் சுற்றுவாள், கையைத் தொங்கப் போடச் சொல்வாள், வீட்டுக் கதை கேட்பாள். பேச்சு சுவாரசியமாகப் போகும்போது ஊசி உள்ளே போயிருக்கும். ஒரே குத்து.

இடம் பார்ப்பதில் அவள் மகா பிடிவாதக்காரி. புறங்கையில் நரம்பு புடைத்துக்கொண்டு வா வா என்று கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். மணிக்கட்டும் முழங்கை மடிப்பும் அப்படித்தான். அங்கெல்லாம் தோலுக்குக் கீழே சதை கிடையாது. விரலை ஆட்டி வைக்கும் தசைநார்தான் இருக்கிறது. முன்கையில் நல்ல சதைப்பிடிப்பான இடம்தான் அவளுக்கு வேண்டும். ஏனென்றால் சில கீமோ மருந்துகள் ரொம்பப் பொல்லாதவை. நரம்புக்குள் போகும்வரை சாதுவாகப் போகும். வெளியே சதைக்குள் கசிந்துவிட்டால் சுற்றியிருப்பதையெல்லாம் புண்ணாக்கிவிடும். அதிலும் சிவப்பாக ஒரு மருந்து இருக்கிறது. அது கசிந்தால் அன்றைக்கு லேசாகச் சிவந்து, பிறகு மெல்ல மெல்லத் தோல் கறுத்து, ஆறாத புண்ணாகி, கடைசியில் விரலையே மடக்க முடியாமல் செய்துவிடும்.

அதனால் ஊசி போட்டு முடித்ததும் தினமும் ஒரு பிரசங்கம் நடக்கும்.

“எரிஞ்சா சொல்லணும். வலிச்சா சொல்லணும். இறுக்கினா சொல்லணும். சும்மா ஒரு மாதிரி இருந்தாக்கூடச் சொல்லணும். நான் கோச்சுக்க மாட்டேன். சொன்னாத்தான் எனக்குத் தெரியும்.”

எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘படியில் நிற்காதீங்க’ என்று கண்டக்டர் சொல்லும்போது படியில் நிற்பவர்கள் தலையாட்டுவார்களே, அந்த ஆட்டல். இவளுக்கும் அது தெரியும். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். ‘ஒரே குத்து’ என்ற பேரில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. வேறு வார்டிலிருந்து கூப்பிட ஆள் வந்தால் கண்ணாடியில் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். அந்தப் பேரைக் கேட்டே பாதிப் பேருக்குத் தைரியம் வருகிறது என்று நம்பினாள்.

வீட்டில்தான் அந்தப் பெருமை செல்லுபடியாகாது. அவள் புருஷன் டாக்சி ஓட்டுகிறவர். குறை சொல்வதற்கென்றே பிறவி எடுத்தவர். தலையணை தடிமன், தண்ணீர் சூடு, சட்டைக் காலர் அரிக்கிறது, மழை சாய்வாகப் பெய்கிறது. “நீங்க மட்டும் என் வார்டுல பேஷண்டா இருந்தா தங்கமான பேஷண்ட்” என்பாள் அவள். அவர் அதற்கும் ஒரு குறை வைத்திருப்பார்: “எனக்கு நோய் வரணும்னு சொல்றியா?”

இப்படி ஓடிக்கொண்டிருந்த வார்டுக்குத்தான் சலூன்காரர் வந்து சேர்ந்தார்.

கழுத்தில் நிணநீர்ப் புற்றுக்கட்டி என்று வந்தவர் அவர். நோய்க்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வார்டில் கதை சொல்ல உட்கார்ந்துவிட்டார். முடிவெட்டிக்கொள்ள வருகிறவர்கள் ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் அவர் கடையில்தான் கொட்டிவிட்டுப் போவார்கள் போலிருக்கிறது. அவர் பேசத் தொடங்கினால் டிவி பார்ப்பவர்கள் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். பேசும்போது அவருடைய வலக்கை சும்மா இருக்காது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கத்தரியாகிக் காற்றை நறுக் நறுக்கென்று வெட்டிக்கொண்டேயிருக்கும். எதிரில் இருப்பவர் தன்னையறியாமல் காதைப் பொத்திக்கொள்வார்.

முதல் சில தடவை மருந்து இடக்கையில் ஏறியது. கத்தரி பிடிக்கும் வலக்கையை யாரும் தொடவில்லை. ஆனால் இடக்கை நரம்புகள் கயிறு மாதிரி இறுகிப்போயின. நெஞ்சுத் தோலுக்கு அடியில் ‘போர்ட்’ என்ற சின்னக் கருவியை வைத்து அது வழியாக மருந்து ஏற்றலாம் என்று டாக்டரம்மா முடிவு செய்தார். அறுவை அறையில் இடம் கிடைத்தது அடுத்த வாரம்தான். அதுவரை மருந்தைத் தள்ளிப்போடுவது நல்லதில்லை. வலக்கை முன்கையில் ஒரு நல்ல நரம்பு இருக்கிறது, இந்த ஒரு தடவை மட்டும் அதில் போடலாமா என்று அவரையே கேட்டார்கள்.

“சிஸ்டர் போடுறதா இருந்தா ரெண்டு கையையும் எழுதிக் கொடுத்துடறேன்” என்றார் சலூன்காரர்.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி மட்டும் அந்தக் கையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். அந்தக் கைதான் அவர்களுடைய கடை.

ஒரே குத்தில் ஊசி இறங்கியது. சலைன் தங்குதடையில்லாமல் ஓடியது. சிவப்பு மருந்தை அவள் ஒருபோதும் பாட்டிலில் தொங்கவிட்டுவிட்டுப் போக மாட்டாள். ஸ்டூலைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, பெரிய சிரிஞ்சில் எடுத்து, ஓடும் சலைனோடு சேர்த்துக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவாள். கொஞ்சம் தள்ளுவாள், லேசாகப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பாள், மறுபடி தள்ளுவாள். அன்றும் அப்படித்தான். ரத்தம் வந்தது. கை வீங்கவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

சலூன்காரர் கதையில் மூழ்கியிருந்தார். தலையில் ஒரு முடிகூட இல்லாத வாடிக்கையாளர் ஒருவர், அடர்ந்த சுருட்டை முடி வைத்த ஆளின் போட்டோவைக் கொண்டுவந்து ‘இதே மாதிரி வேணும்’ என்று நாற்காலியில் உட்கார்ந்த கதை. எதிர் நாற்காலிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டே குனிந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

கதை ஓடிக்கொண்டிருந்தது. விரல்கள் ஓடவில்லை.

நடுவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விறைப்பாகக் கிடந்தன. மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. அவள் சிரிஞ்சிலிருந்து கட்டை விரலை எடுத்தாள்.

“அண்ணே, எரியுதா?”

“இல்லையே சிஸ்டர்.”

“வலிக்குதா?”

“சேச்சே. அப்புறம் அந்த மொட்டைக்காரர் என்ன சொன்னார்னா...”

“கதைய நிறுத்துங்க. விரல் ஏன் நின்னுபோச்சு?”

சலூன்காரர் தன் விரல்களையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். மாட்டிக்கொண்டோம் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

“லேசா... எறும்பு கடிக்கிற மாதிரி.”

“எப்போ இருந்து?”

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். “மொட்டைக்காரர் கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருந்து.”

அவள் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. மருந்தை நிறுத்தினாள், சலைனையும் மூடினாள். விஷயம் புரிந்துபோன சலூன்காரர் மனைவி பாய்ந்து வந்தார்.

“புடுங்கிப் போடுங்க சிஸ்டர் அந்த ஊசிய!”

“அண்ணி, தொடாதீங்க! ஊசி உள்ள இருந்தாத்தான் கசிஞ்சத கொஞ்சமாவது வெளிய இழுக்க முடியும்.”

மருந்துக் குழாயைக் கழற்றி, ஊசியின் வாயில் ஒரு காலி சிரிஞ்சைப் பொருத்தி மெதுவாகப் பின்னுக்கு இழுத்தாள். இளஞ்சிவப்பாகச் சில துளி வந்தது. அந்தத் துளிகளைப் பார்த்ததும் அவளுக்குப் போன உயிரில் பாதி திரும்பி வந்தது. அதன் பிறகுதான் ஊசியை எடுத்தாள். சலூன்காரர் பழக்கதோஷத்தில் அந்த இடத்தைத் தேய்க்க இடக்கையைக் கொண்டுபோனார். அவள் அந்த இடக்கையில் பட்டென்று ஒரு அடி போட்டாள்.

“தேய்க்காதீங்க. அழுத்தவும் கூடாது. தேய்ச்சா பக்கத்து எடத்துக்கும் பரவும்.”

வார்டின் மூலையில் சிவப்பு மூடி போட்ட ஒரு பெட்டி இருந்தது. கசிவுக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் அதில்தான். வாரா வாரம் அதைத் திறந்து, காலாவதியானதை மாற்றி, துடைத்து வைப்பாள். அவளோடு வேலை பார்க்கும் நெட்டையான ஆண் நர்ஸுக்கு அது கேலிப்பொருள். ‘அக்காவோட தீயணைப்பு வண்டி’ என்பான். இன்று அவனே அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். சிவந்திருந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் எல்லை போட்டாள். நாளைக்கு அது பரவினால் தெரிய வேண்டும். போட்டோ எடுத்தாள். கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை வைத்தாள். இந்த மருந்துக்குக் குளிர்ச்சி. வேறு சில மருந்துக்கு இளஞ்சூடு. மாற்றிச் செய்தால் நிலைமை மோசமாகும். இவையெல்லாம் நடந்து முடிவதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார்.

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கொஞ்சம்தான் கசிஞ்சிருக்கு. ஆனா இது மெதுவா வேலையைக் காட்டற மருந்து. இன்னைக்கு நல்லா இருக்கேன்னு நம்பிட முடியாது. எதிர்மருந்து இருக்கு, உடனே ஆரம்பிச்சிடலாம். மூணு நாள், இன்னொரு கை வழியா ஏத்தணும்.”

சலூன்காரர் முதன்முறையாகச் சிரிக்காமல் பேசினார். “கத்தரி பிடிக்க முடியுமா டாக்டர்?”

“சீக்கிரமே நிறுத்திட்டாங்க. நல்லபடியா வரும்னுதான் நினைக்கிறேன். ஆனா சத்தியம் பண்ணிக் கொடுக்க மாட்டேன்.”

டாக்டரம்மா எதிர்மருந்துக்கு ஏற்பாடு செய்யப் போனார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு சலூன்காரருக்கு எதிரில் உட்கார்ந்தாள். கோபம் தலைக்கேறியிருந்தது.

“தினம் தொண்டை கிழியக் கத்துறேனே, எரிஞ்சா சொல்லுங்கன்னு. ஏண்ணே சொல்லல?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “உங்க பேரு கெட்டுடக்கூடாதேன்னுதான் சிஸ்டர்.”

“என்ன?”

“கடையில வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். எங்க சிஸ்டர் ஒரே குத்துதான்னு. எரியுதுன்னு சொன்னா எடுத்துட்டு மறுபடி குத்துவீங்க. அப்ப ரெண்டு குத்து ஆயிடுமே. என்னால உங்களுக்கு எதுக்கு அந்தக் கெட்ட பேருன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.”

அவருடைய மனைவிக்கு வந்ததே ஆத்திரம்! “கேட்டீங்களா சிஸ்டர்! வீட்டுல ஒரு நாள் என் சமையல வாய மூடிக்கிட்டுச் சாப்பிட்டதில்ல இந்த மனுஷன். உப்பு ஒரு கல்லு கூடினா ஊருக்கே கேக்கும். இங்க வந்து கை வெந்தாலும் வாயத் திறக்க மாட்டாராம், கௌரவமாம்!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒரே குத்து சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. தைரியம் கொடுக்கிறது என்று அவள் நினைத்த அந்தப் பேர், இவர்கள் வாய்க்குப் பூட்டு போட்டிருக்கிறது. கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டுக் கிளம்பியதெல்லாம் ஞாபகம் வந்தது. ஆனால் உட்கார்ந்து வருத்தப்பட அவளுக்கு நேரம் இல்லை.

“அண்ணே, உங்க கடையில ஷேவிங் பண்ணும்போது, பிளேடு இழுக்குதான்னு கேப்பீங்கதானே?”

“கேக்காம எப்படி?”

“இழுக்குது, ஆனா அந்த ஆள் இல்லைன்னு சொல்லிட்டு உட்கார்ந்திருந்தா?”

சலூன்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. “அந்த மாதிரி ஆளுங்களாலதான் சிஸ்டர் தொல்லையே! சொன்னா பிளேட மாத்தப் போறேன். சொல்லாம கொள்ளாம இருந்து வெட்டுப்பட்டா யாரு பேரு கெடும்? என் பேருதானே...”

அங்கேயே நிறுத்தினார். ஐஸ் வைத்த தன் கையைப் பார்த்தார்.

“நான் சரியான மடையன் சிஸ்டர்” என்றார்.

எதிர்மருந்து வந்தது. அது ஏறுவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஐஸை எடுத்துவிட வேண்டும். ரத்தம் அங்கே தாராளமாக ஓடினால்தான் எதிர்மருந்து போய்ச் சேரும். எடுத்து வைத்தாள். இனி அந்த இறுகிப்போன இடக்கையில் நரம்பு பிடிக்க வேண்டும். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் ஊசியை எடுத்து நெட்டையன் கையில் கொடுத்தாள்.

“நீ போடு தம்பி.”

“அக்கா, நானா? இந்தக் கையிலயா?”

“ரெண்டு குத்து ஆனா என்ன, குடியா முழுகிடும்? நானும் பக்கத்துலதான் இருக்கேன். போடு.”

முதல் குத்து தவறியது. அப்போது அந்த வார்டில் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் கேட்டது.

“தம்பி, வலிக்குது! ரொம்ப வலிக்குது!” என்று சலூன்காரர் அலறினார். கொஞ்சம் அதிகமாகவே அலறினார். செய்த பாவத்துக்குப் பரிகாரம் செய்கிற அலறல் அது.

“சபாஷ்ணே!” என்றாள் அவள். அதற்கப்புறம்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது குத்து உட்கார்ந்தது.

அன்று வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசியில் அழுதுவிட்டாள். டாக்சிக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தார்.

“நான் நாள் முழுக்கக் குறை சொல்றேன், உனக்கு என் அருமை தெரியல” என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அவர் சட்டென்று சேர்த்துக்கொண்டார்: “தண்ணி கொஞ்சம் சூடா இருக்கு.”

அடுத்து வந்த நாட்கள் லேசானவை அல்ல. பேனாக் கோட்டுக்குள் சிவப்பு கூடியது, வீங்கியது, கறுத்தது. சலூன்காரர் கையை உயர்த்தி வைத்துக்கொண்டே வந்து போனார். அவள் தினமும் அந்தக் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கோட்டைத் தாண்டியிருக்கிறதா, தோல் உடைகிறதா என்று பார்ப்பாள். விரல்களை மடக்கச் சொல்வாள். அவர் கத்தரி வெட்டிக் காட்டுவார். வலிக்கிறதா என்றால் வலிக்கிறது என்பார். இப்போது பொய் சொல்வதில்லை. அவர் போன பிறகு அவளுக்குத்தான் ரொம்ப நேரம் மனசு ஆறாது. போர்ட் வைத்தாயிற்று, மிச்ச மருந்தெல்லாம் அது வழியாகவே ஏறியது. கை மட்டும் என்ன ஆகுமென்று யாருக்கும் தெரியவில்லை.

இதற்கிடையில் வார்டில் ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது. மருந்து ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். எதைப் பற்றியாவது சொல்லலாம். சொன்னால்தான் மருந்து.

“டிவியில எப்பப் பாரு ஒரே சேனல்” என்றார் ஒருவர்.

“டீ ஆறிப்போச்சு.”

“டாக்டரம்மா எழுத்து அவங்களுக்காவது புரியுதா?”

“என் மருமகன் சரியில்ல.”

“அது என் டிபார்ட்மெண்ட் இல்ல, வேற சொல்லுங்க” என்றாள் அவள்.

யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாத ஒரு பெண் இருந்தாள். கேட்கும்போதெல்லாம் “ஒரு குறையும் இல்லீங்க” என்பாள். விட்டுவிடுவாளா இவள்? ரொம்ப நேரம் கெஞ்சிய பிறகு அந்தப் பெண் ரகசியம் போலச் சொன்னாள்: “உங்க ஸ்டூல் சத்தம் தாங்க முடியல சிஸ்டர்.” வார்டே கைதட்டியது. அன்றே ஸ்டூல் காலுக்கு ரப்பர் மாட்டப்பட்டது. அதே பெண்தான் அதே நாளில், மருந்து ஏற ஆரம்பித்ததும், “சிஸ்டர், இங்க ஒரு மாதிரி இறுக்குது” என்றாள். பார்த்தால் ஊசி லேசாக நகர்ந்திருந்தது. ஒரு துளி கசிவதற்கு முன்னால் எடுத்துவிட்டு வேறு இடத்தில் குத்தினாள். இரண்டு குத்து. வார்டில் எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு விரலை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினாள்.

சலூன்காரரின் கையில் தோல் உடையவில்லை. கறுப்பு மெல்லப் பழுப்பானது, வீக்கம் வற்றியது, தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. கடைசி மருந்தும் முடிந்து, உடம்பு தேறி, கடையைத் திறக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று அவர் வார்டுக்கு வந்து எல்லோருக்கும் காற்றில் முடிவெட்டிவிட்டுப் போனார். அவருடைய மனைவி இவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கடை திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் தன் புருஷனை அழைத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் அவருக்குக் குறைதான். வெயில், தூரம், பழைய சலூனே போதுமே. கடைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆள் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டார். துணியைப் போர்த்திவிட்ட சலூன்காரரின் கையில் முழங்கைக்குக் கீழே காசு அகலத்துக்குப் பழுப்பாக ஒரு தழும்பு. டாக்சிக்காரரின் கண் அதிலேயே இருந்தது.

அவள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரி நறுக் நறுக்கென்று ஓடியது. மொட்டைக்காரர் கதை, அன்று பாதியில் நின்றது, இன்று முடிந்தது. முடி வெட்டி, நுரை போட்டு, சலூன்காரர் சவரக்கத்தியைக் கன்னத்தில் வைத்தார்.

“பிளேடு இழுக்குதாண்ணே?”

“இல்லையே, பூ மாதிரி இருக்கு” என்றார் டாக்சிக்காரர்.

பூவாம்! மழை சாய்வாகப் பெய்ததற்குக் கோபித்துக்கொண்ட மனுஷன். அவள் குனிந்து பார்த்தாள். செருப்புக்குள் அவருடைய கட்டை விரல் சுருண்டு விறைத்துக் கிடந்தது.

“அண்ணே, நிறுத்துங்க” என்றாள். “இழுக்குது. இவரு பொய் சொல்றாரு.”

சலூன்காரர் கத்தியை எடுத்துவிட்டுக் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். “இழுக்குதா?”

டாக்சிக்காரர் நுரையோடு நெளிந்தார். “லேசாத்தான். இத்தனை நாள் கழிச்சு கடை திறந்திருக்கீங்க, கையும் இப்பத்தான் சரியாயிருக்கு. எதுக்கு உங்க பேரை...”

முடிக்க விடாமல் சலூன்காரர் சிரித்தார். கடை அதிரச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய பிளேடைக் கழற்றிப் போட்டார். காகித உறையைப் பிரித்து, காற்றில் ஆடும் அந்தச் சின்னத் தகட்டை இரண்டு விரல் நுனியால் எடுத்து, கத்தியின் பிளவில் ஒரு நடுக்கமும் இல்லாமல் செருகினார். அந்த இரண்டு விரல்களிலிருந்து அவள் கண்ணை எடுக்கவேயில்லை.

“இப்ப சொல்லுங்கண்ணே” என்றார் அவர், கத்தியை மறுபடி கன்னத்தில் வைத்து. “எப்படி இருக்கு?”

“இப்ப சரி” என்றார் டாக்சிக்காரர். பிறகு மூக்கைச் சுளித்தார். “நுரைதான் கொஞ்சம் சில்லுனு இருக்கு.”